கேபிள் முடியும் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு வருடங்களாக நிட்டிங் (ஊசிகளால் நூல் பின்னுவது) செய்கிறேன். இதுவரை பின்னியதெல்லாம் மற்றவர்கள் எழுதிய பேட்டர்னைப் பார்த்துத்தான். இந்த முறை நானே யோசித்து, கேபிள் (ஸ்டிச்சுகள் ஜடை போல ஒன்றின் மேல் ஒன்று கடக்கும் பின்னல்) வைத்து ஒரு ஜோடி விரலில்லாத கையுறை பின்னலாம் என்று உட்கார்ந்தேன். வெறும் நிட்டில் (கேபிள் இல்லாத சாதாரணப் பின்னல்) மாதிரித் துண்டு பின்னி அளந்தேன். 10 செ.மீ.க்கு 22 ஸ்டிச் (கண்ணி) வந்தது. என் உள்ளங்கைச் சுற்றளவு 18 செ.மீ. கணக்குப்படி ஊசியில் 40 ஸ்டிச் ஏற்றினேன். ஆறு ஸ்டிச் கேபிள், இரண்டு பர்ல் (நிட்டுக்கு நேர் எதிராக, பள்ளமாக உட்காரும் ஸ்டிச்), இப்படி ஐந்து தடவை. பின்னி முடித்தால் கை உள்ளேயே போகவில்லை. விளிம்பிலிருந்தே கேபிளைத் தொடங்கினேன், அந்த அடிப்பகுதி மட்டும் அலை அலையாக விரிந்து நிற்கிறது. இரண்டு கையிலும் கேபிள் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தக் கேபிளை ஒரு பழைய பின்னல் வகைத் தொகுப்பிலிருந்து எடுத்தேன். அப்படியிருக்க இதை என் டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாமா? ஸ்வெட்டருக்கு நேரம் கிடைப்பதில்லை, சின்னச் சின்னப் பொருளாகவே செய்துகொண்டிருக்கிறேன். அதுவும் ஒரு குறையாகத் தெரிகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

கை நுழையாத அந்தக் கையுறையை இன்னும் பிரித்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே சரியான மாதிரித் துண்டு அதுதான். நனைத்துப் பிழிந்து, இழுக்காமல் தட்டையாகக் காயவைத்து, நடுப்பகுதியின் சுற்றளவை அளந்து பாருங்கள். 14 செ.மீ.யை ஒட்டி வரும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் 10 செ.மீ.க்கு 28 ஸ்டிச். நீங்கள் கணக்குப் போட்டது 22ஐ வைத்து. உங்கள் கணக்கில் தப்பு இல்லை. அந்த 22 வேறொரு துணியின் அளவு, அவ்வளவுதான்.

விரித்துவிட்ட கூந்தல் எவ்வளவு அகலம், அதையே ஜடை போட்டால் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். முடி குறையவில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. வெறும் நிட்டில் ஸ்டிச்சுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கேபிளில் மூன்று ஸ்டிச் அடுத்த மூன்றின் மேல் ஏறிக் கடக்கிறது. கடக்கும் இடத்தில் ஆறு ஸ்டிச்சும் மூன்று நான்கு ஸ்டிச்சின் இடத்துக்குள் ஒடுங்கிவிடுகின்றன. நடுவில் இருக்கும் பர்ல் பள்ளங்களும் ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் விளிம்புப் பின்னல்) போல உள்ளே மடங்கி, இன்னும் கொஞ்சம் அகலத்தை எடுத்துக்கொள்கின்றன. எத்தனை சுற்றுக்கு ஒரு முறை கடக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆறு ஸ்டிச் கேபிளை ஆறு அல்லது எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை கடந்தால் துணி மெத்தென்று இருக்கும். நான்கு சுற்றுக்கு ஒரு முறை என்றால் கயிறு போல விறைத்து, மேலும் இறுகும். அதனால் கேபிள் பொருளுக்கு மாதிரித் துண்டும் அதே கேபிளில், அதே இடைவெளியில்தான் பின்ன வேண்டும். குறைந்தது இரண்டு ஜடையாவது அதில் இருக்க வேண்டும், மூன்று தடவையாவது கடந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். எட்டு ஸ்டிச் கொண்ட தொகுதியை ஐந்துக்குப் பதில் ஆறு தடவை வைத்தால் 48 ஸ்டிச். 10 செ.மீ.க்கு 28 என்ற கணக்கில் அது 17 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். 18 செ.மீ. கைக்கு அதுவே நல்ல அளவு. கையுறை கையை விட ஒரு செ.மீ. சிறியதாக இருந்தால்தான் நழுவாமல் பிடித்து நிற்கும்.

விளிம்பு அலைந்து நிற்பதற்கும் காரணம் இதேதான். முதல் கடத்தலுக்குக் கீழே இருக்கும் ஸ்டிச்சுகளை ஒடுக்க எதுவும் இல்லை, அவை முழு அகலத்தோடு பரந்து நிற்கின்றன. மேலே துணி இறுகுகிறது, கீழே பாவாடை விரிகிறது. விளிம்பில் குறைவாக ஏற்றி, கேபிள் தொடங்கும் இடத்தில் கூட்டிக்கொள்வதுதான் வழி.

உங்கள் எட்டு ஸ்டிச் தொகுதிக்கு நான் இப்படிச் செய்வேன். 42 ஸ்டிச் மட்டும் ஏற்றுவேன். ரிப்பை இரண்டு நிட், ஒரு பர்ல், இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ஏழு ஏழாகப் போடுவேன். மூன்று நான்கு செ.மீ. ரிப் பின்னிய பிறகு, கடைசிச் சுற்றில் அந்த ஒற்றைப் பர்ல் ஒவ்வொன்றையும் இரண்டு நிட்டாகக் கூட்டுவேன். ஆறு இடத்தில் கூட்டியதும் 48 ஆகிவிடும். இப்போது அந்தத் துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிப்பின் இரண்டு நிட் கோடுகளும் இரண்டு கரைகள் மாதிரி நேராக மேலே ஏறி வருகின்றன. நடுவில் பள்ளமாகக் கிடந்த ஒரு பர்ல் மேலெழுந்து இரண்டு நிட்டாகிறது. இரண்டும் இரண்டும் இரண்டுமாக ஆறு. அடுத்த சுற்றிலேயே கடக்கிறது. ரிப்பிலிருந்து ஜடை தானாக முளைத்து வந்தது போல இருக்கும், எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று விரலால் தடவினாலும் தெரியாது. மேல் விளிம்பில் இதையே திருப்பிச் செய்யுங்கள். கடைசியாகக் கடந்த உடனே நடு இரண்டையும் ஒன்றாக்கி, மறுபடி ரிப்புக்குப் போய்விடுங்கள்.

உங்கள் டிசைனா என்று கேட்டீர்களே, அதற்கான என் பதிலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூன்றை மூன்றின் மேல் கடப்பது யாருடைய சொத்தும் இல்லை. நீங்கள் வைத்திருப்பது போன்ற தொகுப்புகள் எடுத்துப் பயன்படுத்தத்தான். அந்தக் கேபிள் எந்த ரிப்பிலிருந்து எழும்ப வேண்டும், கட்டைவிரல் வரும்போது எப்படி வழிவிட வேண்டும், எங்கே, எப்படி அடங்க வேண்டும் என்பதை எந்தத் தொகுப்பும் உங்களுக்குச் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவர்தான் டிசைன் செய்தவர் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் ஒருவர் தன் கையுறைக்கு என்று எழுதிய முழுப் பேட்டர்னை எடுத்து, நூலை மட்டும் மாற்றிவிட்டு என்னுடையது என்று சொல்லக் கூடாது. நீங்கள் அதைச் செய்யவில்லை.

இதைச் சொல்லும்போது ஆரன் தீவுகளின் கதை நினைவுக்கு வருகிறது. அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயில் இருக்கும் மூன்று சின்னத் தீவுகள். கேபிள் ஸ்வெட்டர் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கேபிள் உண்டு, கடலில் இறந்து கரை ஒதுங்கும் மீனவரை அவர் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் கேபிளை வைத்து இன்ன குடும்பம் என்று அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. நாம் அறிந்த அந்தக் கனத்த கேபிள் ஸ்வெட்டரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி உருவானதுதான். இந்தக் கதைக்கு விதை என்று பலரும் காட்டுவது அயர்லாந்து நாடக ஆசிரியர் ஜே. எம். சிஞ் எழுதி 1904இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு த சீ’ நாடகம். அதில் இறந்தவனின் காலுறை ஒன்று வீட்டுக்கு வருகிறது. தங்கை அதன் ஸ்டிச்சுகளை எண்ணிப் பார்க்கிறாள். தான் 60 ஸ்டிச் ஏற்றி, அதில் நான்கைத் தவறவிட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அதை வைத்துத்தான் அது அண்ணனுடையது என்று அறிகிறாள். அங்கே கேபிளும் இல்லை, குடும்பச் சின்னமும் இல்லை. ஒருத்தி தன் கையால் போட்ட எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. கட்டுக்கதையை விட எனக்கு இந்தக் காட்சி பெரிதாகப் படுகிறது.

சரி, இரண்டு கைக்கும் வருவோம். கேபிள் ஊசியில் (கடக்கும்போது ஸ்டிச்சை நிறுத்தி வைக்கும் சின்ன ஊசி) எடுத்த மூன்று ஸ்டிச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த மூன்றைப் பின்னினால் ஜடை இடப்பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். ஒரு கைக்கு எல்லாக் கடத்தலும் முன்னால், மறு கைக்கு எல்லாம் பின்னால் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கையும் கண்ணாடியில் பார்ப்பது போல வந்துவிடும். சார்ட்டை, அதாவது கட்டம் போட்ட பின்னல் வரைபடத்தை, தலைகீழாக எழுத வேண்டியதில்லை. கட்டைவிரல் திறப்பை ஜடைக்குள் வெட்டாமல் பர்ல் பள்ளத்தின் நடுவில் வையுங்கள். பள்ளம் இரண்டு ஸ்டிச், பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும். அந்த உயரத்துக்கு மட்டும் சுற்றாகப் பின்னாமல் போய்த் திரும்பிப் பின்னுவீர்கள். உங்கள் கடத்தல் இரட்டைப்படை இடைவெளியில் இருந்தால், திறப்பைத் தொடங்கும் சுற்றைச் சரியாகத் தேர்ந்துவிட்டால் போதும், கடத்தல் எப்போதும் துணியின் வெளிப்பக்கத்திலேயே விழும். அதற்காகவே நான் ஐந்து, ஏழு என்று வைப்பதில்லை.

கேபிள் முடியும் இடத்தைப் பற்றி எனக்குப் புரிய வைத்தது ஒரு தொப்பி. எட்டு ஜடைகள் நெற்றியிலிருந்து அழகாக ஏறி வந்தன. உச்சிக்குப் போனதும் வழக்கமான தொப்பிக்குக் குறைப்பது போல, சம இடைவெளியில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்தேன். சில குறைப்புகள் ஜடையின் நடுவில் விழுந்தன, சில பள்ளத்தில். போட்டுப் பார்த்தபோது எட்டு ஜடையையும் கத்தரிக்கோலால் நறுக்கியது போல இருந்தது. அன்று இரவு குறைப்பு தொடங்கிய சுற்று வரை, பதினொரு சுற்று பிரித்தேன். பிரிப்பதற்கு முன் அந்தச் சுற்றின் ஸ்டிச்சுகளுக்குள் ஒரு மெல்லிய நூலை ஊசியால் கோத்துவிட்டிருந்ததால் ஒன்றுகூட நழுவவில்லை. மறுமுறை முதலில் பள்ளங்களை மட்டும் குறைத்தேன். இரண்டு பர்ல் ஒன்றானது, பிறகு அதுவும் மறைந்தது, ஜடைகள் ஒன்றை ஒன்று தொட்டன. அப்புறம் கடக்கும் அதே சுற்றில் ஒவ்வொரு பிரியிலும் ஒரு ஸ்டிச்சைக் குறைத்தேன். மூன்றுக்கு மூன்றாக இருந்தது இரண்டுக்கு இரண்டானது, அடுத்த கடத்தலில் ஒன்றுக்கு ஒன்று. ஜடையின் நுனி மெலிவது போலவே மெலிந்து உச்சியில் சேர்ந்தது. அந்தத் தொப்பியின் கேபிள் எந்தத் தொகுப்பிலும் கிடைக்கும். உச்சியை மட்டும் நான் செய்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேபிள் பின்னுகிற எல்லோரையும் இது உறுத்தும். ஜடையின் இடது ஓரத்தில் இருக்கும் கடைசி நிட் ஸ்டிச் மற்றவற்றை விடப் பெரிதாகத் தொளதொளவென்று தெரியும். நிட் முடித்து பர்லுக்குப் போகும்போது நூல் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். அந்தப் பயணத்தில் கொஞ்சம் நூல் கூடுதலாகப் போய்விடுகிறது. இழுத்து இழுத்துப் பின்னினால் கைதான் வலிக்கும். ஜடையை அடுத்து வரும் முதல் பர்லுக்கு மட்டும் நூலை ஊசியின் மேலாகச் சுற்றாமல் கீழாக எடுத்து இழுங்கள். தூரம் குறைவு, அதனால் நூலும் குறைவாகப் போகும். அடுத்த சுற்றில் அந்த ஸ்டிச் திரும்பி உட்கார்ந்திருக்கும். அதன் பின்பக்கக் காலில் (ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதியில்) ஊசியை விட்டுப் பின்னினால் முறுக்கிக்கொள்ளாது. ஒரு பத்துச் சுற்று இப்படிப் பின்னிவிட்டுப் பாருங்கள், ஓரம் கோடு கிழித்தது போல நிற்கும்.

நூலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மூன்று பிரியோ அதற்கு மேலோ சேர்த்து உருண்டையாக முறுக்கிய கம்பளி நூல், வெளிர் நிறம், இதுதான் கேபிளுக்கு. கறுப்பிலும் பல வண்ணம் கலந்த நூலிலும் உங்கள் உழைப்பு கண்ணுக்கே தெரியாது. பருத்தி நூல் நீண்டு கொடுக்காது, ஒவ்வொரு கடத்தலும் மல்லுக்கட்டாக இருக்கும்.

சின்னப் பொருள் குறை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்வெட்டரில் ஒரு கேபிளைத் தொடங்கினால் அது எப்படி முடிகிறது என்று பார்க்கச் சில மாதங்கள் ஆகும். முடிவு சரியில்லை என்று தெரியும்போது அதைப் பிரிக்கும் மனம் யாருக்கும் வராது. கையுறையிலோ ஹெட்பேண்டிலோ அது ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அடுத்த வாரம் வேறு மாதிரி முடித்துப் பார்க்கலாம். நீங்களே பாருங்கள், ஒரே ஒரு கையுறை அகலம், விளிம்பு, திசை என்று மூன்றையும் உங்களிடம் கேட்டுவிட்டது. சின்னதில் ஒளித்துவைக்க இடமும் இல்லை. ஸ்வெட்டரின் விலாப்பக்கம் யார் கண்ணிலும் படாது, கையுறையின் எல்லாப் பக்கமும் நாள் முழுக்கக் கண்முன்னால் இருக்கும். நான் இன்றும் ஒரு புதுக் கேபிளைச் சின்னப் பொருளில்தான் முதலில் வைத்துப் பார்க்கிறேன், அதைப் பயிற்சி என்று நினைத்ததே இல்லை.

அளந்ததும் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, எந்த நூல், எந்த ஊசி, எத்தனை சுற்றுக்கு ஒரு கடத்தல் என்பதையும் சேர்த்து வையுங்கள். அதன் பிறகு ஒன்றை மட்டும் பிரித்தால் போதும். பிரித்த நூலை வளையமாகச் சுற்றி, நனைத்து, தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருக்கம் போய்விடும். மற்றதை அப்படியே வைத்திருங்கள், 42 ஸ்டிச் ஏற்றி ரிப் முடித்து முதல் கடத்தலுக்கு வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்.