கார் இல்லாம மூணு சோழர் கோயில், ரெண்டு நாள்

ப்ரோ, அம்மாவ கூட்டிட்டு ரெண்டு நாள்ல மூணு சோழர் கோயிலும் பஸ்லயே பாக்க முடியுமான்னு கேட்டீங்கல்ல, தாராளமா முடியும், ஆனா ரூம் தஞ்சாவூர்ல போடாதீங்க, கும்பகோணத்துல போடுங்க. மொத நாள் விடியக்காலைலயே தஞ்சாவூர் போய் பெரிய கோயில முடிச்சிருங்க, வெயில் ஏறிட்டா கல்லு பொசுக்கிரும், நான் பரதநாட்டியமே ஆடிட்டேன். மதியம் நடை சாத்துனதும் அரண்மனைப் பக்கம் ஒதுங்கிக்கலாம். சாயங்காலம் திரும்பி வர்ற வழியிலயே தாராசுரம் இறங்கிருங்க, அங்க யானையும் காளையும் ஒரே தலைல செதுக்கியிருக்கும், ஒரு உடம்ப கையால மறைச்சா இன்னொன்னு தெரியும், அம்மாட்ட கண்டிப்பா காட்டுங்க. மறுநாள் ஜெயங்கொண்டம் பஸ் புடிச்சு கங்கைகொண்ட சோழபுரம், ஏறும்போதே கண்டக்டர்ட்ட கோயில் ஸ்டாப்புன்னு சொல்லி வச்சிருங்க.