வாசகர் கேள்வி-பதில்: கூட்டம் வராத நினைவுச்சின்னங்களை யார் பார்த்துக்கொள்வது?

அரசுக்குச் சொந்தமான கோட்டைகள், கல்லறைகள், இடிபாடுகள் பற்றி நிறைய கேள்விகள் வந்திருந்தன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிரபலமான ஓர் இடத்தில் வசூலாகும் டிக்கெட் பணத்தை எடுத்து, யாரும் போகாத ஏதோ ஒரு சுவருக்குச் செலவு செய்வது நியாயமா?

நியாயம்தான். அப்படிச் செய்யாவிட்டால் நூற்றுக்கணக்கான இடங்களை ஒரே துறையின்கீழ் வைத்திருப்பதற்கு அர்த்தமே இல்லை. இங்கிலாந்தில் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அறக்கட்டளை 400க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்துக்கொள்கிறது, அதில் பாதிக்கும் மேல் டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம் மாதிரி சம்பாதிக்கிற சில இடங்கள் இருப்பதால்தான் இது முடிகிறது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கிற ஆதங்கத்தையும் தள்ளிவிட முடியாது. கூட்டம் வருகிற இடம்தான் வேகமாகத் தேயும்: படிகள் குழி விழும், கை படுகிற சிற்பம் மழுங்கும், மூடிய அறைகளில் மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் இறங்கும். அதனால் வசூலில் முதல் பங்கு அந்த இடத்தின் பராமரிப்புக்குப் போக வேண்டும், மிச்சம்தான் பொதுவுக்கு. எந்த இடத்தில் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று இடவாரியாகக் கணக்கு வெளியிட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கேள்வி: பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் சில 'காணவில்லை' என்கிறார்கள். கட்டடம் எப்படிக் காணாமல் போகும்?

போயிருக்கிறது. இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013-ல் கொடுத்த அறிக்கையில், நேரில் போய்ப் பார்த்த 1,655 சின்னங்களில் 92 இருந்த இடத்திலேயே இல்லை. இந்தியத் தொல்லியல் துறை 2024-ல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்க முடிவெடுத்தது, அதில் ஹரியானா முஜேசரில் இருந்த ஒரு கோஸ் மினாரும் உண்டு. முகலாயர் காலத்தில் நெடுஞ்சாலை ஓரமாகத் தூரம் காட்ட நட்ட தூண் அது. தனியாக ஒரு தூண், சுற்றிலும் வேலி இல்லை, ஆள் இல்லை, ஊர் வளர்ந்து அதை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? சில சின்னங்கள் அணை நீரில் மூழ்கின. வேறு சிலவற்றுக்கு நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய முகவரியை வைத்துக்கொண்டு இன்றைக்கு இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

நாடாளுமன்றக் குழுவிடம் கலாசார அமைச்சகமே சொன்ன கணக்கு இன்னும் கவலை தருகிறது: 3,693 சின்னங்களில் 248-க்குத்தான் காவலர்களைப் போட முடிந்தது. எல்லா இடத்திலும் முழுநேர வாட்ச்மேன் போடுவது நடக்காத காரியம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சரியான வரைபடப் புள்ளி, எல்லை அளவு, தேதியோடு ஒரு போட்டோ, பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயர் இவ்வளவும் பதிவேட்டில் இருக்க வேண்டும், அவர் வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்வர வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

கேள்வி: கோடிக்கணக்கில் புனரமைப்பு செய்கிறார்கள், சில வருடத்தில் மறுபடி இடிகிறது. ஊழலா?

ஊழல் இருக்கும் இடத்தில் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் தண்ணீர். கூரையில் மழைநீர் வடியும் வழியில் சருகு அடைத்துக்கொள்ளும், தண்ணீர் சுவருக்குள் இறங்கும், அந்த ஈரத்தில் பறவை எச்சத்தோடு விழுந்த அரசமர விதை முளைக்கும். கன்று விரல் நீளம் இருக்கும்போது பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்தது. நான்கு வருடம் விட்டால் வேர் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் புகுந்து சுவரையே பிளந்துவிடும், அப்போது வெட்டினாலும் வேரோடு சுவரும் வந்துவிடும். அடைப்பை எடுக்க ஓர் ஆளும் ஏணியும் போதும், சுவரைத் தூக்கி நிறுத்த சாரம், பொறியாளர், டெண்டர் எல்லாம் வேண்டும். ஆனால் பட்ஜெட்டில் இரண்டாவதற்குத்தான் பணம் சுலபமாகக் கிடைக்கிறது, ஏனென்றால் அதற்குத் திறப்புவிழா உண்டு.

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியைப் பாருங்கள். 2010 நவம்பரில் அங்கே கிளாடியேட்டர் கூடம் என்று எல்லோரும் அழைத்த கட்டடம் மழைக்குப் பிறகு அப்படியே சரிந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, பிறகு கான்கிரீட் கூரை போட்டு எழுப்பிய கட்டடம் அது. உலகமே கண்டித்த பிறகுதான் 10.5 கோடி யூரோவில் பெரிய திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் என்ன செய்தார்கள்? பெரிய பகுதி, தண்ணீர் வடிய வழி செய்ததும், தோண்டாத பகுதியின் மண்மேட்டுச் சரிவைப் பலப்படுத்தியதும்தான்.

அப்புறம், தவறான பொருள். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவரில் சிமென்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் கற்களின் இணைப்பு வழியாக வெளியே வர முடியாது, கல் வழியாக வரும், வரும்போது கரைந்த உப்பையும் கொண்டுவரும், உப்பு படிகமாகி கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கும். பூச்சு அப்படியே நிற்கும், கல் போயிருக்கும். கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றிலும் இதே கதைதான், அங்கே இரும்பு. பழங்காலத்தவர் கற்களைப் பிணைக்கும் இரும்புப் பட்டைகளை ஈயத்தில் பொதிந்து வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் வெறும் இரும்பை வைத்தார்கள், அது துருப்பிடித்து உப்பி பளிங்கைப் பிளந்தது. பிறகு வந்தவர்கள் அதையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. எந்தப் பொருளை எங்கே போட்டோம் என்ற குறிப்பு ஒவ்வொரு இடத்துக்கும் இல்லாவிட்டால், அடுத்து வருபவர் இதே தவறை மறுபடி செய்வார்.

கேள்வி: அரசால் முடியவில்லை என்றால் தனியாரிடம் கொடுத்துவிடலாமே?

எதைக் கொடுப்பது என்பதைப் பொறுத்தது. கழிப்பறை, விளக்கு, குடிநீர், சாய்வுப்பாதை இதெல்லாம் தனியார் தாராளமாகச் செய்யலாம், இந்தியாவில் 2017-ல் வந்த நினைவுச்சின்னத் தத்தெடுப்புத் திட்டமும் முக்கியமாக அந்த வசதிகளுக்குத்தான். சுவரில் கை வைப்பதைத் துறையே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: தத்தெடுக்க வருகிறவர்கள் புகழ்பெற்ற இடத்தைத்தான் கேட்பார்கள், மேலே சொன்ன தூணைக் கேட்க யாரும் வரமாட்டார்கள். அதனால் ஒரு பெரிய இடம் வேண்டுமென்றால் கூடவே இரண்டு சின்ன இடங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இங்கிலாந்து வேறு வழி போனது. 2015-ல் நிர்வாகத்தை மேலே சொன்ன இங்கிலிஷ் ஹெரிடேஜ் அறக்கட்டளைக்கு மாற்றினார்கள், சொத்து அரசிடமே இருந்தது, தேங்கிக் கிடந்த பழுதுவேலைகளையும் சேர்த்துப் பார்க்க 8 கோடி பவுண்டு கொடுத்து அனுப்பினார்கள். கடனோடு ஒப்படைத்திருந்தால் முதல் வருடமே திணறியிருக்கும்.

கேள்வி: 'ஆய்வுக்காக மூடப்பட்டுள்ளது' என்று மாதக்கணக்கில் பூட்டி வைக்கிறார்களே, சோம்பேறித்தனம் இல்லையா?

எல்லா இடத்திலும் இல்லை. ஸ்காட்லாந்தில் உயரமான சுவர்களிலிருந்து கல் உதிரும் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க, பல கோட்டைகளுக்குள் போவதைச் சில வருடங்களுக்கு முன் ஒரே நேரத்தில் தடுத்தார்கள். சுற்றுலாவை நம்பிய ஊர்களுக்குக் கோபம்தான், ஆனாலும் யார் தலையிலாவது கல் விழுவதற்கு முன் பூட்டியது சரி. நாம் கேட்க வேண்டியது வேறு: எப்போது ஆய்வு முடிகிறது, என்ன கண்டார்கள், பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கியாயிற்றா? இந்த மூன்றும் பூட்டிய கதவிலேயே ஒரு தாளில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.