எச்-இன்டெக்ஸ் 20 உள்ள கைடிடம் கணினி வேதியியலில் பிஎச்.டி. சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டேன். கணினி வேதியியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. எச்-இன்டெக்ஸ் 20 உள்ள ஒருவரும் 6 உள்ள ஒருவரும் சேர்த்துக்கொள்ளத் தயார் என்கிறார்கள். யாரிடம் சேரலாம்?

நீங்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் படித்தவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எம்.எஸ்சி. முடித்த பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் திருநெல்வேலி பஸ் ஏறுகிறார்கள். நானும் 2013-இல் அப்படி அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவள்தான். இன்று பிஎச்.டி. முடித்த கௌரவ விரிவுரையாளர். "தோற்றுப்போனவள் புலம்புகிறாள்" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். புலம்பல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

எச்-இன்டெக்ஸ் 20 என்றால் குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன என்று பொருள். அவ்வளவுதான். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது. அந்த 20 கட்டுரைகளையும் யாராவது படித்தார்களா என்பதை அந்த எண் சொல்லாது. இதை நான் வேறு யாரையும் வைத்துச் சொல்லவில்லை, என் கட்டுரையை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமான சமையல் குறிப்பு உண்டு. ஒரு மூலக்கூறை எடு. வெளியே அனுப்பி அகச்சிவப்பு, ராமன் நிறமாலைகளை வாங்கு. கணினியில் பி3எல்ஒய்பி என்ற கணக்கு முறையில் வடிவத்தைக் கண்டுபிடி, அது அதிரும் அதிர்வெண்களைக் கணக்கிடு, 0.96 சொச்சத்தால் பெருக்கிச் சோதனை எண்களோடு பொருத்து. ஹோமோ-லூமோ இடைவெளி (எலக்ட்ரான் நிறைந்த மேல்மட்டத்துக்கும் அடுத்த காலி மட்டத்துக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம்), கலர் கலராக ஒரு மின்னழுத்தப் படம். "நேரிலா ஒளியியல் பண்பு யூரியாவைவிட இத்தனை மடங்கு" என்று ஒரு வரி, அதாவது லேசர் ஒளியின் நிறத்தையே மாற்றும் திறன். கடைசியில் ஏதாவது ஒரு புரதத்தோடு டாக்கிங், அதாவது மூலக்கூறு அதில் எப்படிப் பொருந்தும் என்ற கணக்கு. கட்டுரை தயார். அடுத்த மூலக்கூறு. கேலி செய்யவில்லை, நானும் அந்த அடுப்பில் வெந்தவள். அந்த வேலையிலும் ஒழுங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும்.

என் முதல் மூலக்கூறில் 29 அணுக்கள். நடுவில் இரண்டு வளையங்கள், ஒரு முனையில் எலக்ட்ரான் கொடுக்கும் குழு, மறுமுனையில் இழுக்கும் குழு. திரையில் வரையும்போது இரண்டு வளையங்களையும் ஒரே தளத்தில், சப்பாத்திபோலத் தட்டையாக வரைந்தேன். பார்க்க அழகாக இருந்தது. கணக்கும் முடிந்தது, வளையங்கள் தட்டையாகவே நின்றன. அதிர்வெண் பட்டியலின் முதல் எண் மட்டும் -38 என்று வந்தது.

துறைக்குப் புதியவர் என்றால் இது புரிய வேண்டும். அதிர்வெண் மைனஸில் வந்தால், கற்பனை அதிர்வெண் என்போம், நீங்கள் கண்டுபிடித்த வடிவம் பள்ளத்தில் உட்காரவில்லை என்று பொருள். ஓட்டு வீட்டு முகட்டில் வைத்த தேங்காய் மாதிரி. இரண்டு பக்கமும் சரியாகச் சமமாக இருப்பதால் நிற்கிறது. ஒரு விரலால் தொட்டால் உருண்டுவிடும். நான் சமச்சீராக வரைந்துவிட்டதால் மென்பொருளுக்கு எந்தப் பக்கம் உருட்டுவது என்று தெரியவில்லை. வளையத்தைக் கொஞ்சம் முறுக்கி மறுபடி ஓட்டியிருக்க வேண்டும்.

ஓட்டவில்லை. கான்ஃபரன்ஸ் தேதி நெருங்கிவிட்டது. "அந்த ஒரு வரிய எடுத்துரு, ரெஃப்ரீ கேட்டா அப்பம் பாப்போம்" என்றார் ஒரு சீனியர். அட்டவணையில் அந்த வரியை அழித்தது அவர் இல்லை, நான்தான். என் விரலால்தான் அழித்தேன்.

வேடிக்கை இதில்தான். 29 அணுக்கள் உள்ள மூலக்கூறுக்கு அதிர்வுகள் 29-ஐ மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் வரும்: 81. கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் "இம்மூலக்கூறுக்கு 81 அதிர்வுகள்" என்று நானே எழுதியிருக்கிறேன். அட்டவணையில் 80 வரிகள். கைடு எண்ணவில்லை. இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்த்த இரண்டு ரெஃப்ரீக்கள் எண்ணவில்லை. 2015-இல் வெளிவந்தது. இன்றுவரை 61 பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவர்களும் எண்ணவில்லை. எனக்குப் பேர் சொல்லும் கட்டுரை அதுதான்.

61 பேரும் எப்படிக் காட்டினார்கள் என்றும் பார்த்தேன். பெரும்பாலும் முன்னுரையில், "இவ்வகைச் சேர்மங்கள் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன" என்ற வாக்கியத்தின் வாலில், மேற்கோள் எண்கள் 12 முதல் 27 வரை என்று கட்டு போட்டிருப்பார்கள். அந்தக் கட்டில் ஒரு கீரைத்தண்டு நான்.

அடுத்த இரண்டு வருஷம் அந்த -38 என்னை விடவில்லை. 2017-இல் மறுபடி ஓட்டினேன், யாரும் கேட்காமல். வளையங்கள் சுமார் 40 பாகை முறுக்கிக்கொண்டு நின்றன, மைனஸ் மறைந்தது. கூடவே இன்னொன்றும் மறைந்தது. தட்டையாக இருந்தால் எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடையில்லாமல் ஓடும், முறுக்கினால் அந்தப் பாதை பாதி அடைபடும். முதல் கட்டுரையில் "யூரியாவைவிட 14 மடங்கு" என்று பெருமையாகப் போட்டிருந்தோம். சரியான வடிவத்தில் 6 மடங்குதான். அந்த 14-ஐப் பார்த்து மேற்கோள் காட்டியவர்களும் உண்டு.

திடப்பொருளில் பக்கத்து மூலக்கூறு அழுத்தி வளையத்தைத் தட்டையாக்குமே, அதையும் பார்த்துவிடலாம் என்று இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்து ஒரு கணக்கு போட்டேன். துறையில் இருந்த பழைய நான்கு கோர் கணினியில் ஆறாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று 2017 நவம்பர் 30. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டாம். ஒக்கி புயல். கரண்ட் போய்க் கணக்கு பாதியில் நின்றது. வடிவம் தேடும் கணக்கு என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது அதிர்வெண் கணக்கு, எனக்கு முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. யுபிஎஸ் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டில் பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. ஆனால் அப்போது எனக்குக் கணக்கு நினைவிலேயே இல்லை. அப்பாவின் 120 ரப்பர் மரங்களில் 70 சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் கடற்கரை நெடுக இருந்தன. அதன் முன்னால் என் -38 என்ன பெரிய விஷயம்.

ரப்பர் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். விடியுமுன் பால் வெட்டி, சிரட்டையிலிருந்து எடுத்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் போட்டு, புகைபோட்டுக் காயவைத்த ஷீட்டை அப்பா கடைக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். குமிழ் இருக்கிறதா, கறை இருக்கிறதா. கண் பார்வைதான், ஒரு கருவியும் கிடையாது. "இது நாலாம் நம்பர் இல்ல, லாட்டு" என்பார், அதாவது அதற்கும் கீழான ரகம். கிலோவுக்கு இத்தனை ரூபாய் போச்சு. அதே ஷீட்டை அடுத்த வாரம் வேறு கடையில் நாலாம் நம்பருக்கு எடுத்திருக்கிறார்கள். ஈரம் என்று எடையில் வேறு கழிப்பு. ரப்பர் ஐசோப்ரீன் சங்கிலி என்று வகுப்பில் பாடம் நடத்துகிற எனக்கு, அந்தக் கடையில் வாய் திறக்க முடிந்ததில்லை. அப்பா ஒருமுறை கேட்டார்: "மக்களே, நீ கம்ப்யூட்டர்ல படிக்கிற கெமிஸ்ட்ரியில, மழை நாள்ல இந்தப் பால் எப்பம் உறையும்னு சொல்ல முடியுமா?" முடியாது என்றேன். அவருக்கு வருத்தமில்லை, சும்மா கேட்டார். எனக்குத்தான் இன்னும் இருக்கிறது.

சரி. இரண்டாவது கட்டுரை 2018-இல் வந்தது. அதில் "எங்கள் முந்தைய வடிவம் தவறு" என்று தெளிவாக எழுதினோம். கைடு முதலில் முகம் சுளித்தார், அப்புறம் கையெழுத்துப் போட்டார், அதற்கு நன்றி. அதன் சைட்டேஷன் எண்ணிக்கை 3. அதில் இரண்டு நானே போட்டது. தவறான கட்டுரையை மட்டும் இந்த வருஷமும் புதிதாக இருவர் கட்டில் சேர்த்திருக்கிறார்கள்.

மேற்கோளே பொய் என்று சொல்லவில்லை, அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். 2014-இல் நேச்சர் இதழ் எல்லாத் துறைகளிலும் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது ஏழாம், எட்டாம் இடங்களில் எங்கள் துறைக் கட்டுரைகள்தான் இருந்தன: 1988-இன் லீ-யாங்-பார், 1993-இன் பெக்கெ. பி3எல்ஒய்பி பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் அந்த இரண்டையும் குறிப்பிட்டாக வேண்டும். நானும் என் பங்குக்குப் போட்டிருக்கிறேன். அவை அந்த இடத்துக்குத் தகுதியானவைதான். இன்னொரு பக்கம் நம் ஜி.என்.ராமச்சந்திரன். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் முறுக்கலாம், எங்கே அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார். இன்று எந்தப் புரத வடிவத்தையும் "ராமச்சந்திரன் படம்" என்ற அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். பெயரைச் சொல்வார்கள், மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் விடுபவர்கள் ஏராளம். ஒரே ஒரு முறுக்குக் கோணத்தைக் கவனிக்காமல் விட்ட எனக்கு அவர் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. "லேப் இல்லாம என்ன கெமிஸ்ட்ரி" என்று மாமா, சித்தப்பா யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1998-இல் கோன், போப்பிள். 2013-இல் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல். 2024-இல் பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர். மூன்று முறையும் கணக்கும் கணினியுமாக வேலை செய்தவர்களுக்குத்தான் வேதியியல் நோபல் என்று சொல்லிப்பாருங்கள். எங்கள் மாமா "அவனுக எல்லாம் வெளிநாட்டுக்காரன்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடப் போய்விட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 20-ஆ, 6-ஆ என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு பேரையும் நேரில் பாருங்கள். அவர்களிடம் படித்து முடித்தவர்களின் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். அணுக்களை எண்ணி, மூன்றால் பெருக்கி, ஆறைக் கழித்து, அட்டவணையில் அத்தனை வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும் அச்சிடாமல் முக்கியமானவற்றை மட்டும் போடுவதும் உண்டு, அது தவறில்லை. ஆனால் "கம்ப்யூட்டர் கொடுத்த மூல அவுட்புட் ஃபைலைப் பார்க்கலாமா சார்" என்று கேளுங்கள். எடுத்துக் காட்டுகிறவரிடம் சேருங்கள், அவர் 20 ஆனாலும் 6 ஆனாலும். மென்பொருள் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆர்கா என்ற மென்பொருள் இருக்கிறது, கல்விப் பணிக்கு இலவசம். கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது என்ற யூஜிசி கட்டாயம் 2022-இல் போய்விட்டது, பல்கலைக்கழகம் தனியாக என்ன விதி வைத்திருக்கிறது என்பதை மட்டும் விசாரியுங்கள். எங்களுக்கு இருந்த அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம்.

பின்னூட்டத்தில் அது எந்த மூலக்கூறு, எந்த இதழ், கைடு யார் என்று கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். 80 வரி அட்டவணை ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் எண்ணிப் பாருங்கள், என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை.