எதிரணி கேட்கும் அந்தக் கேள்விக்கு

"நாடுகள் சண்டை போட்டால் கூட்டு விண்வெளித் திட்டம் உடைந்துவிடாதா?" என்று விவாதத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நட்பு, நல்லெண்ணம் என்று ஆரம்பிக்காதீர்கள், அது நிற்காது. அமெரிக்கா, ரஷ்யா உள்பட பல நாடுகள் சேர்ந்து நடத்தும் சர்வதேச விண்வெளி நிலையம் கட்டப்பட்டிருக்கும் விதத்தைச் சொல்லுங்கள். சுமார் 400 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அதன் உராய்வால் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதை மறுபடி மேலே தள்ளும் வேலையைப் பெரும்பாலும் ரஷ்யப் பகுதியின் இயந்திரங்களும் புரோகிரஸ் என்ற ரஷ்யச் சரக்குக் கலங்களும் செய்கின்றன. மின்சாரத்தின் பெரும்பகுதியோ அமெரிக்கப் பகுதியின் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. நினைத்த மாத்திரத்தில் பிரிந்து போக யாராலும் முடியாது.

அப்புறம், உக்ரைன் போர் தொடங்கிய 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோ ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் அந்த நிலையத்துக்குப் போனார். அக்டோபரில் ரஷ்ய விண்வெளி வீராங்கனை அன்னா கிகினா அமெரிக்க நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் போனார். உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான சான்று இதுதான்.

ஒன்றை மட்டும் மறைக்க வேண்டாம். சிறப்பு அனுமதி இல்லாமல் நாசா சீனாவுடன் நேரடியாகச் சேர்ந்து வேலை செய்ய, 2011 முதல் அமெரிக்கச் சட்டம் தடை போடுகிறது. எதிரணி எடுப்பதற்குள் அதை நீங்களே சொல்லிவிடுங்கள். சீனா தனியாகவே தியான்கோங் விண்வெளி நிலையத்தைக் கட்டிக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னால், ஒதுக்கிவைத்ததால் யாருக்கு என்ன லாபம் என்று திருப்பிக் கேட்கலாம்.