8 ஜிபி ராம் போனில் 14 ஜிபி ஏஐ மொழி மாடல் ஓடுமா?

மாடலில் 700 கோடி எடைகள், அதாவது அது கற்றுவைத்த எண்கள்; ஒவ்வொன்றும் 16 பிட்டில் என்றால் 14 ஜிபி. ராமில் அடங்காததை ஃபிளாஷிலிருந்து, அதாவது போனின் சேமிப்பகத்திலிருந்து, ஓட்டலாமா என்கிறீர்கள். ஓட்டலாம், எடைகளை அடுக்குகிற விதத்தில் அடுக்கினால். ஃபிளாஷ் பைட் பைட்டாகத் தராது. பல கிலோபைட் கொண்ட பக்கமாகத்தான் எடுக்கும். சிதறிய துண்டுகளைக் கேட்டால் காத்திருப்பிலேயே நேரம் போய்விடும்.

எங்கள் திருப்பூரில் ஒரு சட்டைக்கு வெட்டிய முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித்தான் டெய்லரிடம் கொடுப்போம். இல்லையென்றால் அவர் தேடியே ஓய்ந்துவிடுவார். 2023இல் ஆப்பிள் ஆய்வாளர்கள் செய்ததும் இதுதான்: மாடலின் சிறு கணக்கு அலகான ஒரு நியூரானுக்குரிய எடைகளில், விரிக்கும் அணியின் (எடைகளின் அட்டவணை) நெடுவரிசையையும் சுருக்கும் அணியின் கிடைவரிசையையும் அடுத்தடுத்து வைத்தார்கள். ஒரே வாசிப்பில் இரண்டும் வரும். ரெலு (எதிர்ம எண்களைப் பூஜ்ஜியமாக்கும் சார்பு) உள்ள மாடல்களில் பெரும்பாலான நியூரான்களின் விடை பூஜ்ஜியம். அவற்றைத் தொடவே வேண்டாம்.

சரி, அதற்கு முன் ஒவ்வொரு எடையையும் 4 பிட்டுக்குச் சுருக்கிப் பாருங்கள். சுமார் 3.5 ஜிபிதான், ராமிலேயே அடங்கிவிடலாம்.