கணினி கேள்வி – பதில்: ஒட்டிக்கொள்ளும் வரிகள்

கேள்வி: அண்ணாச்சி, பத்தமடைப் பாய் விற்கிற கடை ஒன்றுக்கு ஆர்டர் எடுக்கும் செயலியை பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த வேலைக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று எட்டு த்ரெட்களும் (செயலிக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலை இழைகள்) ஒரே சிஎஸ்வி கோப்பில் (கமாவால் பிரித்த வரிகள் உள்ள கோப்பு) எழுதுகின்றன. ஆர்டர் குவிகிற நேரத்தில் மட்டும் வரிகள் ஒட்டிக்கொள்கின்றன. லாக் (ஒன்று எழுதும்போது மற்றவற்றைக் காக்க வைக்கும் பூட்டு) போட்டால் போதுமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய கோப்பில் ஒரு வரி ‘10:42:07,ஆர்டர்,1810:42:09,தேடல்,35’ என்று கிடக்கிறது. கொஞ்சம் கீழே ஒரு வரி சம்பந்தமே இல்லாமல் ‘4’ என்று தொடங்குகிறது. அந்த 18-ம் இந்த 4-ம் சேர்ந்தால்தான் 184. ஒவ்வொரு த்ரெட்டும் கோப்பைத் தனித்தனியாகத் திறந்து வைத்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி பஃபர் (எழுத வேண்டியதைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம்), அது நிரம்பியதும் வரி முடிந்ததா இல்லையா என்று பார்க்காமல் இருப்பதை அப்படியே கோப்பில் கொட்டிவிடும். கூட்டம் இல்லாதபோது பஃபர் லேசில் நிரம்பாது, அதனால் வெளியே தெரியவில்லை.

எல்லோரும் ஒரே தடவை திறந்த கோப்பைப் பகிர்ந்துகொண்டு லாக் போட்டால் வரி உடையாது, சரி. ஆனால் ஆர்டர் எடுக்க வேண்டிய த்ரெட் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும், வேகத்தை அளக்கப் போய் வேகத்தைக் குறைத்த கதையாகிவிடும். கல்யாண வீட்டில் மொய் நோட்டை ஆளுக்கு ஆள் பிடுங்கியா எழுதுகிறார்கள்? எழுத ஒருவர்தான். அதேபோல எட்டு த்ரெட்களும் அளந்த நேரத்தை ஒரு க்யூவில் (வரிசையில்) போட்டுவிட்டுப் போகட்டும், எடுத்து எழுதுவதை ஒன்பதாவதாக ஒரு த்ரெட் மட்டும் பார்க்கட்டும். பைத்தானின் க்யூவுக்குள்ளேயே லாக் இருக்கிறது, நீங்கள் தனியாகப் போட வேண்டாம். நேரத்தை மட்டும் வேலை செய்த த்ரெட்டே குறித்து அனுப்ப வேண்டும், எழுதுகிறவன் குறித்தால் க்யூவில் காத்திருந்த நேரமும் கணக்கில் ஏறிவிடும். க்யூவுக்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள். நிரம்பினால் அந்த நேரக் கணக்கை விட்டுவிடலாம், எத்தனை விட்டோம் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். ஆர்டர் நிற்கக் கூடாது.

இன்னொன்று, செயலியைப் பல ப்ராசஸ்களாக (நினைவகத்தைப் பகிராத தனித்தனி ஓட்டங்களாக) ஓட்டினால் இந்த க்யூ உதவாது. ப்ராசஸுக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவிடுங்கள்.

அப்புறம் கமா. ‘பேட்டை, திருநெல்வேலி’ என்ற முகவரியும் ‘1,25,000’ என்ற தொகையும் மேற்கோள் குறிக்குள் போகாவிட்டால் எக்செல் அவற்றைத் தனித்தனி கட்டங்களாக வெட்டும். நீங்களே கமா போட்டு ஒட்டாமல் பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலிடம் விட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். தமிழ் எழுத்து எக்செல்லில் கோணல்மாணலாக வந்தால், யூடிஎஃப்-8 (தமிழ் உள்பட எல்லா எழுத்தையும் சேமிக்கும் முறை) கோப்பின் தொடக்கத்தில், அது அந்த முறைதான் என்று எக்செல்லுக்குக் காட்டும் பிஓஎம் என்ற 3 பைட் குறி இல்லை என்று அர்த்தம். புதுக் கோப்பு உருவாக்கும்போது ஒரே ஒரு தடவை அதை எழுதினால் போதும்.

செயலியை நிறுத்தும்போது ‘முடிந்தது’ என்று ஓர் அடையாளத்தை க்யூவில் போட்டு, எழுதும் த்ரெட் முடிகிறவரை காத்திருங்கள், இல்லையென்றால் கடைசி அளவுகள் காணாமல் போகும். கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள்: விண்டோஸில் அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து வைத்தால் செயலியால் அதைத் திறந்து எழுத முடியாமல் போகலாம், நகல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.