மென்பொருள் நிறுவனத்தின் பதிவுகளுக்கு லைக் வருகிறது, வாங்குவதற்கான விசாரணை வரவில்லையே, ஏன்?

பில்லிங் மென்பொருள் விற்கிறீர்கள், எல்லாத் தளங்களிலும் தினமும் பதிவிடுகிறீர்கள், ஆனால் டெமோ கேட்டு யாரும் வருவதில்லை என்கிறீர்கள். முதலில் தளங்களைக் குறையுங்கள். உங்கள் மென்பொருளை வாங்குபவர்கள் கணக்காளர்களும் மேலாளர்களும்தான்; அவர்களுக்கு லிங்க்ட்இன், யூடியூப் இரண்டும் போதும். புரோகிராமர்களுக்கான கருவி என்றால் ரெடிட், கிட்ஹப் பக்கம் போகச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது, என்ன பதிவிடுவது. வாழ்த்துப் படங்களையும் 'புதிய வசதி வந்துவிட்டது' அறிவிப்புகளையும் தயவுசெய்து குறையுங்கள். வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பிய சப்போர்ட் டிக்கெட்டுகளைத் திறந்து பாருங்கள், விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 'ஒரே இன்வாய்ஸ் எண் இரண்டு முறை பதிவாகிவிட்டது, என்ன செய்வது?' என்று ஒருவர் கேட்டிருப்பார். அதைச் சரிசெய்வதைத் திரையிலேயே ஒரு நிமிட வீடியோவாகக் காட்டுங்கள். லோகோ, பின்னணி இசை எதுவும் வேண்டாம், முதல் நொடியிலேயே பிரச்சினை தெரியட்டும். வாடிக்கையாளரின் பெயரும் தொகையும் மட்டும் திரையில் தெரியவே கூடாது. கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸின் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் 2007இல், புரோகிராமர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் போட்டதும் அப்படியொரு எளிய செயல்விளக்க வீடியோதான். பொதுமக்களுக்கு மென்பொருள் வெளிவரும் முன்பே அது கவனம் பெற்றது.

உங்கள் வீடியோவை நிறுவனப் பக்கத்தில் மட்டும் போடாமல், அந்த வசதியை உருவாக்கியவரே தன் கணக்கிலும் போடட்டும். மனிதர்களிடம்தான் மக்கள் கேள்வி கேட்பார்கள். கமெண்டில் கேட்டால் அன்றே பதில் சொல்லுங்கள்.

சரி, பலனை எப்படி அளப்பது? ஒவ்வொரு பதிவின் இணைப்பிலும் யுடிஎம் குறியீடு, அதாவது வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் சிறு குறிப்பு, சேருங்கள். எந்தப் பதிவிலிருந்து டெமோ விண்ணப்பம் வந்தது என்பது உங்கள் இணையதள அனலிட்டிக்ஸில் தெரிந்துவிடும்.